இரண்டு கடலும் பூட்டிய பதினான்கு நாள்

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இரண்டு,
பூட்டும் இரண்டு.
சித்திரை பிறந்த மறுநாள்
சின்னமுட்டத்தில் ஒன்று விழும்.
ஜூன் ஒன்றாம் தேதி
குளச்சலில் மற்றது.

முதல் பூட்டு விழுந்த அன்றே
ததேயு துணிப்பையோடு பஸ் ஏறினார்.
மேற்கே ஒரு போட்டில் டிரைவர் வேலை.
அங்கும் பூட்டியதும்
அதே பை, அதே பஸ்.
இங்கே திறக்க இன்னும் பதினான்கு நாள்.

அந்தப் பதினான்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.
மற்றதெல்லாம் அரசாணையில் இருக்கிறது.

முதல் நாள் தூங்கினார்.
அடுத்த நாள் மின்விசிறியைக் கழற்றினார்.
அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு சிலிண்டர் எஞ்சினின் இருமலைக் கேட்டே
நோய் சொல்லும் காது.
வீட்டில் அதற்குக் கேட்க
என் மிக்சியைத் தவிர ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது.
ஜெபிஷாவுக்குப் பிளஸ் டூ.
சங்கிலியோடு கூட்டுறவு வங்கிக்குப் போனேன்.
கவுண்டர் பெண் உரசிப் பார்க்கவில்லை.
போன வருஷமும் இதே சங்கிலி;
எடை அவளுக்கு மனப்பாடம்.
"தடைக்காலமா அக்கா?" என்றாள்.
மழைக்காலமா என்று கேட்பதைப் போல.

நிவாரணம் போட்டாச்சு என்றார்கள்.
பாஸ்புக்கை மெஷினில் நுழைத்தேன்.
போன மாதம் பிடித்த அபராதத்தை
இன்னொரு தடவை அச்சடித்துத் தந்தது.

என் தம்பி வியான்னியின் வள்ளத்துக்குத்
தடை கிடையாது.
விசைப்படகு கட்டிக் கிடக்கிற நாளில்
அவன் ஒரு கூடை இறக்கினால்
ஏலம் அவனைச் சுற்றி நிற்கும்.
ஒன்பதாம் நாள் சாயந்திரம் வந்தான்,
வாசலிலேயே நின்றான்,
செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"அத்தான், ஓராள் குறையுது. வாறியளா?"

ததேயு பதில் சொல்லவில்லை.
விடியுமுன் மூணு மணிக்குப் பாயில் அவர் இல்லை.

வீல் பிடித்த கை
கயிறு இழுத்துக் கொப்பளித்திருந்தது.
அணியத்தில் பையன்களோடு உட்கார்ந்தாராம்.
வழியெல்லாம்
வியான்னியின் சின்ன எஞ்சினைப் பற்றி
ஒரு குறையும் சொல்லவில்லையாம்.
அதுதான் எனக்கு வலித்தது.

பங்குப் பணத்தை எண்ணாமல்
அரிசி டின்மேல் வைத்தார்.
கூடவே ஐந்து விளமீன்.

ஒன்றைக் கீறினேன்.
உள்ளே சினை.
மஞ்சளாய், இரண்டு விரல்போல் ஒட்டிக்கொண்டு.
அடுத்ததிலும்.
அவர் குனிந்து பார்த்தார்.
"இதுக்காத்தான் பிள்ளே
எங்களக் கட்டிப் போட்டிருக்கு" என்றார்.
கோபமில்லை, கேலியும் இல்லை.
ஒரு முகவரி படிப்பதுபோல் சொன்னார்.

சினையை மிளகிட்டுப் பொரித்தேன்.
ஜெபிஷா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.
ருசியாகத்தான் இருந்தது.
அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

பதினான்காம் நாள் ராத்திரி
துறைமுகத்துக்குப் போனேன்.
ஐஸ் லாரிகள், டீசல் கேன்கள்,
புதுப் பெயின்ட் காயாத மாதாக்கள், மிக்கேல்கள்.
அவர் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கேட்டார்,
அணைத்தார்,
மறுபடி செய்தார்.
இரண்டாவது எதற்கென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் இரவு ஒன்பதுக்கு
எல்லாப் போட்டும் நிறைந்து வந்தன.
அதுதான் வினை.
அறுபது நாள் இல்லாத மீனை
ஒரே இரவில் கொட்டினால் விலை எங்கே நிற்கும்?
ஏலக்காரன் தொண்டை தாழத் தாழ
நவரை தாழ்ந்தது, கணவாய் தாழ்ந்தது.
வியான்னி அன்று வள்ளத்தை இறக்கவேயில்லை.

டீசல் போக, ஐஸ் போக,
மே மாதம் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் போக
மீதியை அதே டின்மேல் வைத்தார்.
இந்தத் தடவை நான் எண்ணினேன்.
தம்பி தந்ததைவிட நாற்பது ரூபாய் குறைவு.

சொல்லவில்லை.
அவர் நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப்
படுத்த மாத்திரத்தில் தூங்கினார்.

தலையணையில் டீசல் வாடை
திரும்ப வந்திருந்தது.
உறையை மாற்ற எழுந்தவள்
மாற்றாமல் படுத்துக்கொண்டேன்.